கழுத்துத் தமனி ஸ்டென்ட்: சிகிச்சையின் விளைவுகள்

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்படும்போது, அவ்விடத்தில் உலோக வலைக்குழாய் பொருத்தி வழியை விரிப்பது ஸ்டென்ட் சிகிச்சை. பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகச் செய்வதால் கழுத்தைக் கீற வேண்டியதில்லை. 1950கள் முதல் நடைமுறையில் இருப்பது, கழுத்தைத் திறந்து படிவை அகற்றும் அறுவை. ஸ்டென்டின் பலன் அதனோடு ஒப்பிட்டே அளக்கப்படுகிறது.

ஆபத்து குவிந்திருப்பது முதல் 30 நாட்களில். கம்பியும் பலூனும் படிவைக் கடக்கையில் துணுக்குகள் உடைந்து மூளைக்குப் போய்விடலாம். அவற்றைப் பிடிக்கக் குடைபோல் விரியும் சிறு வடிகட்டி வைத்தும் சில தப்பிவிடுகின்றன. ஐசிஎஸ்எஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிப் பேரின் மூளையில் புதிய பாதிப்புகள் தெரிந்தன. அறுவை செய்துகொண்டவர்களில் 17 சதவீதம். பல பாதிப்புகள் வெளியே அறிகுறி காட்டாதவை. ஆனாலும் அவற்றை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. பிரான்சின் ஈவிஏ-3எஸ் ஆய்வோ 2005-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதில் 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் தரப்பில் 9.6 சதவீதம், அறுவைத் தரப்பில் 3.9.

வட அமெரிக்காவில் 2,502 பேரிடம் நடந்த கிரெஸ்ட் ஆய்வு (2010) இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றது. அந்தச் சமத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சையை ஒட்டிய பக்கவாதம் ஸ்டென்டில் 4.1 சதவீதம், அறுவையில் 2.3, மாரடைப்பு ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3. ஒன்றின் மிகுதியை மற்றொன்று ஈடுகட்டியதால் கூட்டுத்தொகை நெருங்கிவந்தது. ஆனால் ஓராண்டு கழித்து விசாரித்தபோது, வாழ்க்கையை அதிகம் முடக்கியது பக்கவாதமே. 70 வயதை ஒட்டித் தராசு சாய்கிறது: இளையவர்களுக்கு ஸ்டென்ட் சற்றுச் சாதகம், முதியவர்களுக்கு அறுவை. வயதாக ஆக மகாதமனி வளைவு நெளிந்து சுண்ணாம்பேறுவதால் குழாயைச் செலுத்துவது கடினமாவது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

முதல் மாதம் தாண்டினால் வேறுபாடு பெரிதும் மங்குகிறது. அறிகுறியற்ற 3,625 பேரை ஆராய்ந்த ஏசிஎஸ்டி-2 ஆய்வில் (2021), சிகிச்சைக் காலத்தைக் கடந்தபின் ஐந்தாண்டுகளில் உயிரைப் பறிக்கும் அல்லது முடமாக்கும் பக்கவாதம் இரு தரப்பிலும் 2.5 சதவீதமே. ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைப்பு வரலாம் என்பதால் அவ்வப்போது டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள். இரத்தக்கட்டைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் குறைந்தது நான்கு வாரம். அதன்பின் ஒரு மருந்து வாழ்நாள் முழுவதும்.