யமகட்டா 1989: ஆசிய ஆவணப்படக் கலைஞர் கூட்டமும் மொழிபெயர்ப்பும்

1989-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஜப்பானின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த யமகட்டா நகரில் பன்னாட்டு ஆவணப்பட விழா முதன்முறையாக நடைபெற்றது. நகராட்சித் தகுதி பெற்று நூறாண்டு நிறைவுற்றதை நினைவுகூரும் முகத்தான் அந்நகர் எடுத்த விழா அது. அதன் ஓர் அங்கமாக ஆசிய ஆவணப்படக் கலைஞர்கள் கூடி விவாதித்தனர். அறிக்கை ஒன்றையும் வெளியிட்டனர். ஆசிய ஆவணப்பட வரலாற்றை எழுதுவோர் இக்கூட்டத்தை ஒரு தொடக்கமாகக் குறிப்பது வழக்கம். யார் வந்தனர், யார் பேசினர், பின்னர் எப்படம் பரிசு பெற்றது என்பன அவ்வரலாறுகளில் இடம்பெறுகின்றன. எந்த மொழியில் பேசினர், ஒருவர் கூறியது மற்றவர்க்கு எவ்வாறு விளங்கிற்று என்பன பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் 'ஆசிய ஆவணப்படம்' என ஒன்று உருவாவதற்கு மொழிபெயர்ப்பே முதற்பொருளாக அமைந்தது என்பதனை அக்கூட்டத்தின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை காட்டுகின்றன.

கூட்டத்திற்கு உயிராக நின்றவர் ஒகாவா ஷின்சுகே. நரித்தா விமான நிலையத்திற்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது எதிர்த்து நின்ற உழவர்களோடு தங்கி, 1968 முதல் 'சன்ரிசுக்கா' வரிசைப் படங்களை எடுத்தவர் அவர். 1970-களின் இடைப்பகுதியில் தம் குழுவினருடன் யமகட்டா மாநிலத்தின் மகினோ என்னும் சிற்றூரில் குடியேறி, நெல் பயிரிட்டுக்கொண்டே படம் எடுத்தார். அவ்வட்டாரத்தார் பேசும் கிளைமொழி டோக்கியோச் செவிக்கு எளிதில் பிடிபடாதது. ஒரே மொழிக்குள் பிறர் பேச்சைக் கேட்டுப் பழகும் உழைப்பில் ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவர், அண்டை நாட்டாரோடு பேச விழைந்தது இயல்பே.

கூட்டத்தின் பேசுபொருளை விழாவே தந்தது. பன்னாட்டுப் போட்டிப் பிரிவில் ஆசியப் படம் ஒன்றேனும் இல்லை. அவ்வாண்டு முதற்பரிசு பெற்றது ஈவார்ஸ் செலெட்ஸ்கிஸ் இயக்கிய லாத்வியப் படமான 'குறுக்குத் தெரு'. ரீகா நகரின் புறப்பகுதித் தெரு ஒன்றில் வாழ்வோரைப் பற்றியது. லாத்விய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் இருபது இலட்சத்தை எட்டாதவர். எனவே மொழியின் சிறுமை ஒரு படத்திற்குத் தடை என்பது பொருந்தாது. லாத்வியப் படத்தின் பின்னே அரசின் படப்பிடிப்பு நிலையம் ஒன்று இருந்தது. மணிலாவிலோ பாங்காக்கிலோ தனியொருவராகப் படம் எடுத்தவர்க்குச் சுருள் வாங்கவே பணமில்லை. வேற்றுமொழித் துணையுரை பொறித்த படி ஒன்றை எடுத்து அயல்நாட்டுக்கு அனுப்புவது அவர்க்கு மற்றொரு படம் எடுப்பதற்கு நிகரான சுமை. தேர்வுக்குழுவினர் காணாத படம் அவர்கள் கணக்கில் இல்லாத படமே.

கிழக்காசியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வந்தோர்க்குப் பொதுமொழி எதுவும் இல்லை, ஆங்கிலமே இடைநின்றது. அறிக்கையை வரைந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் கிட்லட் தஹிமிக். தகாலோக் மொழியில் இப்பெயர் 'அமைதியான மின்னல்' எனப் பொருள்படும். அவர் தமக்கே சூட்டிக்கொண்டது. 1977-இல் வந்த 'நறுமணக் கெட்ட கனவு' என்னும் தம் படத்தில், தம் ஊர் வாடை மாறாத ஆங்கிலத்திலேயே கதை சொல்லி, அமெரிக்கக் கனவை எள்ளி நகையாடியவர் அவர். அறிக்கையை எழுத இவரினும் பொருத்தமானவர் கிடைத்தல் அரிது. போட்டியில் ஆசியப் படம் இல்லாமைக்கு அவ்வறிக்கை வருந்துகிறது. அதற்குக் காரணம் திறமைக் குறைவன்று, அரசியலும் பொருளாதாரமும் இடும் தடைகளே எனச் சொல்கிறது. தங்களுக்குள் தொடர்பு வளர்க்க உறுதி பூணுகிறது. தங்களுள் ஒருவர்க்கும் வீட்டுமொழியல்லாத ஒரு மொழியில் இவ்வுறுதியை எழுத நேர்ந்தது குறித்து, அங்கு எழுப்பப்பட்டிருக்கத்தக்க வினாக்கள் பல.

அவற்றுள் ஒன்று பெயர் பற்றியது. ஆங்கிலத்தில் 'டாக்குமென்டரி' என ஒரே சொல்லால் சுட்டப்பட்டது, அவரவர் மொழியில் ஒரே பொருளன்று. ஜப்பானியத்தில் 'கிரோக்கு எய்கா' என்றால் பதிவுப்படம். இதனோடு வழங்கிய 'புங்க்கா எய்கா' என்பது ஜெர்மானியச் சொல்லின் மொழிபெயர்ப்பு. பண்பாட்டுப்படம் எனப் பொருள்படும். 1939-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் இவ்வகைப் படங்களைத் திரையரங்குகளில் கட்டாயமாக்கியதால், அச்சொல்லில் போர்க்கால அரசின் வாடை ஏறிவிட்டது. சீனத்தின் 'ஜிலூபியென்' பதிவையே குறிக்கும். இந்திய மொழிகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. வங்காளம் 'தத்யசித்ர' என உண்மைத் தகவலையும், மராத்தி 'மாஹிதீபட்' எனச் செய்தியறிவையும், இந்தி 'விருத்தசித்ர' என நடந்த நிகழ்ச்சியையும் முன்னிறுத்துகின்றன. உருதுவின் 'தஸ்தாவேஸீ ஃபிலிம்' பத்திரத்தை நினைவூட்டுவது. தமிழில் செய்திப்படம், விவரணப்படம் என்பன வழங்கிப் பின்னர் ஆவணப்படம் நிலைபெற்றது. ஓலையும் பட்டயமும் ஆவணம் எனப்பட்ட நாட்டில், இச்சொல் படத்தின்மேல் சான்றுக்குரிய பொறுப்பைச் சுமத்துகிறது. 'விவரணம்' அதனைச் சுமத்தவில்லை. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இவ்வேறுபாட்டை இன்னும் போதிய அளவு எடைபோடவில்லை என்றே தோன்றுகிறது.

கூட்டம் கலைந்தபின் நிலைத்தவை எவை? ஒகாவா 1992-இல் மறைந்தார். 1993 முதல் அவர் பெயரால் ஆசியக் கலைஞர்க்குப் பரிசு வழங்கப்படுகிறது. அதனை முதலில் பெற்றவர் சீனத்தின் வூ வென்குவாங். பின்னாளில் 'புதிய ஆசிய அலைகள்' எனப் பெயர் பெற்ற ஆசியப் பிரிவு வளர்ந்தது. 1992 முதல் 2007 வரை 'டாக்குமென்டரி பாக்ஸ்' என்னும் இதழ் ஜப்பானியம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் வெளிவந்தது. 2003-இல் வாங் பிங்கின் 'தண்டவாளத்துக்கு மேற்கே' என்னும் சீனப் படம் முதற்பரிசு பெற்றது. அப்படம் ஒன்பது மணிநேரத்துக்கும் மேல் ஓடுவது. அத்தனை மணிநேரத்துப் பேச்சும் துணையுரையாக மாறினாலன்றி நடுவர் அதனைக் கண்டு தீர்ப்புக் கூற இயலாது.

துணையுரையின் இடர்ப்பாடு ஆவணப்படத்தில் மிகுதி. கதைப்படத்தில் எழுதிய வசனம் கையில் இருக்கும். ஆவணப்படத்தில் மக்கள் தடுமாறுவர், பாதியில் நிறுத்துவர், ஒருவர் பேச்சில் மற்றொருவர் குறுக்கிடுவர். ஜப்பானியத் துணையுரை மரபோ நொடிக்கு நான்கு எழுத்து என்னும் கட்டுப்பாடுடையது. இக்குறுகிய இடத்தில் தடுமாற்றம் முதலில் மறையும், அடுத்துக் கிளைமொழி, அதன்பின் மரியாதை வழக்கு. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு பெயர்க்கும்போது இம்மூன்றும் ஒருசேரப் போகின்றன. 1990 முதல் இவ்விழாவில் பணியாற்றிய அமெரிக்க அறிஞர் அபே மார்க் நார்னஸ், 1999-இல் எழுதிய கட்டுரையில் வழக்கமான துணையுரையைச் சாடினார். தான் செய்யும் சிதைவை மறைத்துக்கொண்டு அயற்படத்தை நம்மூர்ப் படமாக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பிலிப் லூயிஸின் மொழிபெயர்ப்புக் கொள்கையை அடியொற்றி, மூலத்தின் அயன்மையைப் பார்வையாளர் உணருமாறு வழக்கத்தை மீறும் துணையுரை வேண்டும் என அவர் வாதிட்டார். 2007-இல் வந்த அவருடைய 'சினிமா பேபல்' திரைப்பட மொழிபெயர்ப்பின் வரலாற்றையே நூலாக்கியது. எல்லாப் படத்திற்கும் அவர் வழி ஏற்குமா என்பது ஐயமே; நீதி கேட்டுப் பேசும் ஒருவரின் சொல்லை வாசிக்கக் கடினமாக்குவது அவருக்கு உதவாது.

இந்திய அனுபவம் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1948-இல் நிறுவப்பெற்று, 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன், ஒரே படத்தைப் பல இந்திய மொழிகளின் வருணனைக் குரலோடு திரையரங்குகளுக்கு அனுப்பியது. குரலை மாற்றினால் மொழி மாறிவிடும். படத்தில் தோன்றியோர் பெரும்பாலும் ஊமைகளாக நின்றதால் அது எளிதாயிற்று. தோன்றுவோரே பேசத் தொடங்கியபின் அவ்வழி அடைபட்டது. ஆனந்த் பட்வர்த்தனின் 'ராம் கே நாம்' அத்தகைய படம். 1993-இல் யமகட்டாவில் நகர மக்கள் பரிசு அதற்குக் கிடைத்தது. 'ராமனின் பெயரால்' என்னும் இத்தலைப்பு ஆங்கிலத்தில் 'கடவுளின் பெயரால்' என ஆயிற்று. அயோத்தியில் நிகழ்ந்த குறிப்பிட்டதொரு வழக்கு, எந்நாட்டார்க்கும் பொருந்தும் வழக்காக அத்தலைப்பில் விரிகிறது. பெற்றது பெரிது, இழந்ததும் சிறிதன்று.

மேடையில் நடப்பதற்குப் பேச்சு மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனால் இவ்விழாவின் உண்மையான உரையாடல்கள் இரவில் நிகழ்ந்தன என்பர். நகரின் பழைய ஊறுகாய்க் கடை ஒன்றின் கூடம் 'கோமியன்' என்னும் பெயரில் விருந்தினர்க்குத் திறந்துவிடப்படும். இயக்குநரும் ஊராரும் தரையில் அமர்ந்து பேச, இரு மொழி அறிந்த எவரோ ஒருவர் நடுவில் அமர்ந்துகொள்வார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையும் புதுச்சேரியும் இவரைத் துபாஷி என்று அழைத்திருக்கும். துபாஷிகளுள் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நாட்குறிப்பால் வரலாற்றில் இடம் கிடைத்தது. கோமியனில் அமர்ந்த துபாஷிகள் எதையும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடை 2020-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு விழா, தொற்றுக் காலமாதலின், இணையவழியே நடைபெற்றது.