ரிவால்வர் தோட்டா அளவு மாற்றம்

ஒரு தோட்டாவுக்கென்று செய்த பழைய ரிவால்வரின் சிலிண்டரையோ பாரலையோ திருத்தி, வேறு அளவுத் தோட்டாவுக்குப் பொருத்தும் வேலை. அமெரிக்காவில் இதைத் தோட்டாத் தட்டுப்பாடு வளர்த்தது. இந்தியாவில், படையின் தோட்டாவைச் சுடும் ஆயுதம் பிறர் கைக்குப் போய்விடுமோ என்ற அரசாங்கத்தின் அச்சம் இதை வேறு வழியில் திருப்பியது.

சிலிண்டரில் இருபுறமும் திறந்த துளையிடும் முறைக்கு ரோலின் ஒயிட் 1855இல் பெற்ற காப்புரிமை 1869இல் காலாவதியானது. அதன்பின் மருந்து கெட்டித்துச் சுடும் கோல்ட் ரிவால்வர்கள் உலோகத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டன.

பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்ற .455 வெப்லியின் கதை துயரமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக அமெரிக்கா சென்ற வெப்லிகளுக்கு அங்கே தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, கோல்ட் பிஸ்டலின் விளிம்பற்ற .45 தோட்டாவைப் பிறைவடிவக் கிளிப்பில் கோத்துப் போட்டார்கள். தோட்டா உட்கார்ந்தது, ஆனால் அதன் அழுத்தம் .455இன் அழுத்தத்தைவிட மிக அதிகம். நல்ல எஃகுக் கைவினை இப்படிப் பல இடங்களில் பாழாயிற்று. .38 ஸ்மித் அண்ட் வெசன் தோட்டாவுக்கான ரிவால்வர்களை .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாற்றியபோது வேறொரு குறை வந்தது. புதிய தோட்டா நீளமானது, ஆனால் ஒல்லியானது. அகலமான பழைய அறையில் சுட்டால் அதன் கூடு அடிப்பக்கம் உப்பி, சில நேரம் பிளந்துவிடும்.

இந்தியாவில் வழிகாட்டிய எண்ணத்தை ஒரு நீள்துப்பாக்கி காட்டுகிறது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை .303 லீ என்பீல்டுகளை வரியற்ற .410 மஸ்கட்டுகளாக்கி, தோட்டாப் பெட்டியை அடைத்து, ஒவ்வொன்றாகச் சுடும்படி போலீசுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுத்தது. ஆயுதம் பறிபோனாலும் அது படையின் .303 துப்பாக்கியைப் போலப் பயன்படாது.

1962ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இந்த அச்சத்தைச் சட்டமாக்கின. அவை ரிவால்வரின் பெயரைப் பார்க்கவில்லை, அது எதைச் சுடும் என்று பார்த்தன. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ, படையின் 9 மி.மீ., விளிம்பற்ற .45 தோட்டாக்களையோ சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட வகை. .410 மஸ்கட்டும் அதே பட்டியலில் உண்டு. ஆக, அமெரிக்கர் செய்த .455இலிருந்து .45க்கான மாற்றம் இங்கே ஒரு தடையிலிருந்து மற்றொரு தடைக்கே கொண்டுபோய் விடும்.

சட்டம் விட்டுவைத்தது .32. பழைய துப்பாக்கியை அறுக்காமல் வடிவமைப்பையே சிறிய தோட்டாவுக்குக் கொண்டுவந்ததுதான் இந்தியா கண்ட சிறந்த விடை என்பேன். வெப்லி மார்க் 4இன் .38 அமைப்பைத் தழுவி, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை உரிமம் பெற்ற குடிமக்களுக்காக .32 ரிவால்வர் செய்தது. வெப்லியைப் போலவே அதுவும் நடுவில் மடங்கித் திறக்கும்; அதன் சிலிண்டர் முதலிலிருந்தே அந்த அழுத்தத்துக்குக் கணக்கிடப்பட்டது. 2014இல் பெண்களை முன்னிட்டு வந்த எடை குறைந்த நிர்பீக், 2023இல் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் பிரபல் ஆகியவையும் .32தான்.

உரிமம் வைத்திருப்பவருக்கு இதன் பொருள் என்ன? சென்னையை ஒட்டிய தாம்பரம், பல்லாவரம் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். அவை 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. அங்கே துப்பாக்கி உரிமம் ஆணையரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. உரிமத்தில் ஆயுதத்தின் விவரம் பதிவாகும். தாத்தா காலத்து ரிவால்வருக்குத் தோட்டா கிடைக்கவில்லை என்று பட்டறையில் கொடுத்து அளவை மாற்றினால், கையில் இருப்பது உரிமத்தில் உள்ள ஆயுதம் அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல், மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும்கூடத் தனி உரிமம் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை நீளலாம்.