பிடியரிசியும் பெயர் வைத்த டொலரும்

போன மாதம் எங்கட வாலிபர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு விடயம்தான் பேசினோம். ஞாயிறு பாடசாலை நடக்கிற மண்டபத்தின் கூரை ஒழுகுது, ஓடு மாற்றக் காசு வேணும். "இந்தமுறை வித்தியாசமா ஏதாவது யோசியுங்கோ" என்றார் தலைவர் அண்ணா. யோசிக்கத் தொடங்க முதலே பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஏன் மண்டையைப் போட்டு உடைப்பான்? கனடா குரூப்பில ஒரு மெசேஜ் போட்டாக் காணும்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது பகிடி இல்லை. மெசேஜ் போட்டால் காசு வரும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, வரலாறு படிக்கிற எங்களுக்குள் வேறொரு கதை ஓடியது. தூரத்துக் காசில் எங்கட சபைகள் நிமிர்ந்தது இது முதல் தடவையா? அந்தக் காசு வந்தபோது அதோடு சேர்ந்து வேறு என்ன வந்தது?

கடல் கடந்து வந்த பெயர்கள்

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் வேலையைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. பிள்ளைகளின் சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் மிசன் செலவு.

அந்தச் செலவுக்குக் காசு எங்கேயிருந்து வந்தது? அமெரிக்காவின் ஊர்ச் சபைகளில் இருந்து. அங்கே பெண்கள் சங்கம் வைத்துக் காசு சேர்த்தார்கள், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள். இன்றைக்கு நாங்கள் தலையைச் சொறிந்து யோசிக்கிற வேலையை அவர்கள் அப்போதே செய்திருக்கிறார்கள். எங்களுக்காக.

அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. இங்கே ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவைப் பொறுப்பேற்கிறவர், அந்தப் பிள்ளைக்கு வைக்க வேண்டிய பெயரையும் சொல்லலாம். தன் பெயராகவும் இருக்கலாம், தான் மதிக்கிற ஒரு போதகரின் பெயராகவும் இருக்கலாம். பொஸ்ரனில் அச்சான 'மிசனரி ஹெரல்ட்' சஞ்சிகையின் நன்கொடைப் பட்டியல்களில், இலங்கையில் ஒரு பிள்ளைக்கு இன்ன பெயர் வைப்பதற்காக இவ்வளவு டொலர் என்ற மாதிரியான குறிப்புகள் வரும்.

1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்கள் யார் என்று கேட்டால் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று படித்திருப்போம். வெள்ளைக்காரர் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். இரண்டு பேரும் தமிழர்! ஹென்றி மார்ட்டின் இந்தியாவிலும் பாரசீகத்திலும் ஊழியம் செய்த ஆங்கிலேயர் ஒருவரின் பெயர். சேத் பேசன் ஓர் அமெரிக்கப் போதகரின் பெயர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. இப்படிப் பாதி அமெரிக்காவும் பாதி யாழ்ப்பாணமுமான பெயர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தன.

அந்தக் காசு கெட்ட காசு என்று சொல்ல எங்களால் முடியாது. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் படிப்பு இல்லை. பெயரும் ஆளைக் கட்டிப்போடவில்லை. செமினரியில் கிங்ஸ்பரி என்ற பெயரோடு படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, பிறகு சைவராக நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆனாலும் ஒன்று உறுத்துது. கொடுத்தவருக்குப் பெயர் சொல்ல உரிமை இருந்தது. பெயரைச் சுமக்கப் போகிற பிள்ளையை ஆரும் கேட்டார்களா?

"சொந்தக் காலில் நில்லுங்கள்"

1855இல் பொஸ்ரன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் யாழ்ப்பாணம் வந்தார். சபைகள் தங்களைத் தாங்களே ஆள வேணும், தங்கள் செலவைத் தாங்களே பார்க்க வேணும், தாங்களே பரப்பவும் வேணும் என்பது அவருடைய கொள்கை. ஆங்கிலப் படிப்புக்குச் செலவழிப்பதை விட, தமிழில் ஊழியம் செய்கிற சபைகளை வளர்ப்பதுதான் முக்கியம் என்று நினைத்தார். அதே வருடம் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கு. சொந்தக் காலில் நில்லுங்கள் என்ற முடிவையும் பொஸ்ரன்தான் எடுத்தது. இங்கத்தைய கிறிஸ்தவர்களுக்கு ஆங்கிலப் படிப்பு தேவைப்பட்டது. ஆனால் காசு அங்கேயிருந்து வந்தபடியால் திறப்பும் அங்கேதான் இருந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டபோது உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முன்நின்று காசு சேர்த்தார்கள். அந்த அனுபவம் கொடுத்த புத்தியாகவும் அதைப் பார்க்கலாம்.

ஒரு பிடி

சபை தன் செலவைத் தானே பார்ப்பது என்றால் எப்படி? காசு புழங்காத வீட்டில் எதைக் கொடுப்பது? இதற்குப் பதிலை எந்தக் கொமிற்றியும் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கனவே குசினியில் இருந்தது. உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு முட்டியில் போடுவது. கிழமை முடிய அதைச் சேர்த்து விற்பது. பிடியரிசி. சைவ வீடுகளிலும் கோயிலுக்கென்று இப்படி எடுத்து வைக்கிற வழக்கம் இருந்தது. வளவில் ஒரு தென்னையை நேர்ந்துவிடுவதும் அப்படித்தான்.

எங்களில் ஒருவரின் அம்மம்மா சொன்னது: "அது கஷ்டமாத் தெரியாது பிள்ளை. ஒரு பிடி குறைஞ்சா ஒருத்தருக்கும் பசிக்காது. ஆனா ஒவ்வொரு நாளும் ஞாபகம் வரும்."

வீட்டின் காசுப்பெட்டி ஆணின் கையில் இருந்த காலத்தில் அரிசிப்பானை பெண்ணின் கையில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அவள் கொடுக்கக்கூடியது அந்த ஒரு பிடிதான். பணக்கார வீட்டுக் கைக்கும் ஏழை வீட்டுக் கைக்கும் பிடியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. முட்டிகளை ஒன்றாகக் கொட்டிய பிறகு எது யாருடைய அரிசி என்று சொல்லவும் முடியாது.

இதைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். வடகிழக்கு இந்தியாவின் மிசோரத்தில் 1910இல் சபைப் பெண்கள் இதே மாதிரி ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நிற்கவில்லை. அங்கத்தைய சபையின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று.

வாலிபரின் முறை

இளம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தொடங்கியது. அந்த மாணவர்கள் எழுவைதீவில் நடந்த பாடசாலை வேலைக்குத் துணை நின்றார்கள். 1900 அளவில் யாழ்ப்பாண மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிசன் சங்கம் அமைத்து, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் உள்ள தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் சில்லறையில் தொடங்கிய ஒரு சபையின் பிள்ளைகள், இப்போது தங்கட காசில் இன்னொரு கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள். வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறிய இடம் இது.

பிறகு வந்தவை எங்களுக்கும் தெரிந்தவை. விற்பனை விழா, அறுவடை விழா ஏலம், லக்கி டிப், நத்தார் கரோல். ஏலத்தில் ஒரே பலாப்பழத்தை நாலு பேர் வாங்கி நாலு பேரும் திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல பம்பல், காசும் சேரும். ஆனால் ஏலத்தில் கேட்பது உரத்த குரல்தான். ஐம்பது ரூபாவோடு வந்தவர் வாயைத் திறக்க மாட்டார். கரோல் இதற்கு எதிர், அது எல்லா வீட்டுப் படலைக்கும் போகலாம். போகலாம் என்றுதான் சொல்கிறோம். எல்லா ஒழுங்கைக்கும் போனதா, சில ஒழுங்கைகளின் முகப்பிலேயே திரும்பியதா என்று ஒவ்வொரு ஊரும் தன்னைத்தானே கேட்க வேணும். சாதி பார்த்த ஊரில் காசு சேர்க்கிற பாதையும் சாதி பார்க்கும்.

அப்ப கூரை?

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். "அப்ப கனடாக் காசு வேண்டாமோ?" என்று அதே பின்வரிசைக் குரல் கேட்டது. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கனடாவில் இருக்கிறவர்கள் 1820களின் அமெரிக்கர் இல்லை. இதே மண்டபத்தில் இருந்து வசனம் பாடமாக்கினவர்கள், போரில் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தவர்கள். இந்தக் கூரையில் அவர்களுக்கும் பங்கு இருக்கு. ஆனால் முதல் மெசேஜ் அங்கே போனால் இங்கே இருக்கிற நாங்கள் பார்வையாளர்களாகி விடுவோம். ஓட்டின் நிறத்தில் இருந்து சுவரில் பதிக்கிற கல்வெட்டின் பெயர் வரை வேறு இடத்தில் தீர்மானமாகும்.

ஆகவே ஒழுங்கை மாற்றினோம். முதலில் வீட்டுக்கு ஒரு போத்தல். சோறு வைக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு பிடியோ ஒரு குத்தியோ, எது முடியுதோ அது. கரோலுக்கு ஒரு ஒழுங்கையும் விடாமல் போவது. பழைய ஆட்களிடம் மண்டபத்தின் கதையைக் கேட்டு எழுதி, சின்னப் புத்தகமாக்கி விற்பது. இவ்வளவும் செய்த பிறகுதான் கனடா குரூப். "காசு தாங்கோ" என்றில்லாமல், "நாங்கள் இவ்வளவு சேர்த்திட்டம், நீங்களும் சேருங்கோ" என்று.

கணக்குப் பற்றியும் ஒரு வாக்குவாதம் வந்தது. கொடுத்தவர்களின் பெயரைப் போட வேணும், அப்பதான் காசு வரும் என்றார்கள் சிலர். கடைசியில் மொத்தத் தொகையையும் செலவையும் சதம் தவறாமல் அறிவிப்புப் பலகையில் போடுவது, பெயர்ப் பட்டியல் போடுவதில்லை என்று முடிவானது. கூரைக்குத் தேவையான காசு இன்னும் சேரவில்லை. போத்தல்கள் வீடுகளில் இருக்கு.