மட்டக்களப்பில் மூழ்கப் போறீங்களா?

ஸ்கூபா டைவிங் பழகின ஆளிடம் ஒரு புது ஊர் பேரைச் சொல்லிப் பாருங்க. லாட்ஜ் எப்படி, சாப்பாடு எப்படின்னு கேட்கவே மாட்டான். எவ்வளவு ஆழம்? எந்த மாசம் தண்ணி தெளிவா இருக்கும்? கீழே பார்க்க என்ன இருக்கு? ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல டிகம்ப்ரஷன் சேம்பர் எங்கே? இவ்வளவுதான். எங்க டீமில் ஒருத்தன் மட்டக்களப்புக்குப் போகணும்னு இதையெல்லாம் என்கிட்ட கேட்டு வச்சான். ரெண்டு வாரம், ஆணி பிடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல உட்கார்ந்து படிச்சேன். படிச்சதில் பாதி டைவிங், மீதி 1942 ஏப்ரல் மாசம்.

மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல். வேறு எதற்கோ கட்ட ஆரம்பித்து நடுவில் மாற்றியது இல்லை, விமானந்தாங்கியாகவே முதலிலிருந்து வரையப்பட்ட முதல் கப்பல் இதுதான். ஆனா ஜப்பான்காரன் பிறகு ஆரம்பித்த ஹோஷோவை 1922-லேயே சேவைக்குக் கொண்டு வந்துட்டான். ஹெர்மிஸ் வந்தது 1924-ல். (முதலில் டிசைன் போட்டவன் ஒருத்தன், முதலில் ரிலீஸ் பண்ணினவன் இன்னொருத்தன். நம்ம தொழிலில் பார்க்காததா :-))

முதல் கேள்வி, ஆழம். சுமார் 53 மீட்டர். என்னிடம் இருப்பது 18 மீட்டர் வரைக்குமான ஓப்பன் வாட்டர் சான்றிதழ். பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40 மீட்டர். 53-ங்கிறது வேற உலகம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று அடைத்தால் 2400 லிட்டர். மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுறவனுக்கு அது ரெண்டு மணி நேரம் வரும். 53 மீட்டரில் அழுத்தம் 6.3 மடங்கு. அதே மூச்சு அங்கே நிமிஷத்துக்கு 126 லிட்டர் தின்னும். 19 நிமிஷத்தில் சிலிண்டர் காலி. மேலே வரும்போது அங்கங்கே நின்று நைட்ரஜனை வெளியேற்றத் தேவையான காற்றை இதில் சேர்க்கவே இல்லை. போதாததுக்கு அந்த ஆழத்தில் நைட்ரஜனே தலைக்கேறி, நாலு பெக் அடிச்சவன் மாதிரி யோசிக்க வைக்கும். அதனால்தான் ஹெர்மிஸுக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த காற்று, கூடுதல் சிலிண்டர்கள், அதற்கென்று தனிப் பயிற்சி என்று போகிறார்கள்.

சரி, அந்தக் கப்பல் அங்கே எப்படி வந்தது?

பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் படை, நாலு மாசம் கழித்து அஞ்சு விமானந்தாங்கிகளோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றைக்கே கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற ரெண்டு பெரிய க்ரூசர்கள் நடுக்கடலில் போய்விட்டன. அடுத்தது திருகோணமலைதான் என்று பிரிட்டிஷாருக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் நின்றால் அடி விழும் என்று 8-ம் தேதி ராத்திரி ஹெர்மிஸையும், கூடவே ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயர் வாம்பயரையும் வெளியே அனுப்பினார்கள். ரெண்டும் கரையை ஒட்டியே தெற்கே ஓடின.

இதில்தான் எனக்கு ஆறவே இல்லை. ஹெர்மிஸின் விமானங்கள், 814-வது ஸ்குவாட்ரன், திருகோணமலையில் கரையிலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கிக் கப்பல், ஒரு விமானம்கூட இல்லாமல் கடலில்!

9-ம் தேதி காலையில் திருகோணமலையில் குண்டு விழுந்தது. தப்பித்துப் போன கப்பல்களைத் திரும்பி வரச் சொன்னார்கள், கரையிலிருக்கும் போர் விமானங்கள் காவல் கொடுக்கும் என்ற கணக்கில். அதற்குள் ஒரு ஜப்பானிய வேவு விமானம் பார்த்துச் சொல்லிவிட்டது. சுமார் 80 டைவ் பாம்பர்கள் கிளம்பின. பத்தரை மணி வாக்கில் ஆரம்பித்த தாக்குதல் பதினொன்றுக்குள் முடிந்துபோனது. சுமார் 20 நிமிஷம். மேலே போட்ட சிலிண்டர் கணக்கும் கிட்டத்தட்ட அதே 20 நிமிஷம்தான். காவலுக்குக் கிளம்பிய விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் தண்ணீருக்குக் கீழே. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் செத்தார்கள். வாம்பயரும் கொஞ்ச நேரத்தில் மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் கிட்டத்தட்ட 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

கரையை ஒட்டி ஓடினதால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள். இன்றைக்கு டைவர்களுக்கு எட்டும் ஆழத்தில் கப்பல் கிடப்பதும் அதே காரணத்தால்தான். நடுக்கடலில் போன க்ரூசர்களிடம் எந்த டைவரும் போக முடியாது.

அடுத்தது சீசன். இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழையின் அடி மேற்குக் கரைக்குத்தான். வடகிழக்குப் பருவம் ஆரம்பித்ததும் கிழக்குக் கரையில் கடல் கலங்கிவிடும்.

ஆனால் சீசன் நன்றாக இருந்தும் 1983-க்குப் பிறகு 2009 வரை அந்தக் கடலுக்கு வெளியூர் டைவர் போவது அபூர்வம். போர். அந்தக் கரையில் வாழ்ந்த தமிழர்களும் முஸ்லிம்களும் பட்டதைப் பற்றித் தனியாக எழுதணும், இங்கே ரெண்டு வரியில் அடக்குவது அநியாயம்.

கீழே பார்க்க என்ன இருக்கு? கவிழ்ந்து கிடக்கும் கப்பல், பீரங்கிகள், மீன் கூட்டம். போனவர்கள் எடுத்த படங்கள் இருக்கு. நண்பன் அடுத்து ஜிபிஎஸ் எண்ணைக் கேட்டான். தரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஓவரா பண்றேன்னு திட்டினான். ஜாவா கடலில் 1942-ல் மூழ்கிய எக்ஸிடர் முதலான கப்பல்கள் இருந்த இடத்தில் 2016-ல் பார்த்தால் வெறும் பள்ளம்தான் மிச்சம். இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. மலேசியா பக்கம் கிடக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கதையும் அப்படித்தான். 2023-ல் ஒரு சீனக் கப்பலை மலேசியாக்காரர்கள் பிடித்தே வைத்தார்கள். டைவருக்கு வேண்டிய தகவலும் திருடனுக்கு வேண்டிய தகவலும் ஒன்றுதான். உள்ளூர் படகுக்காரருக்கு இடம் தெரியும், அவரோடு போனால் போதும். எதையும் தொடாதீங்க, உள்ளே நுழையாதீங்க, அது 300 பேருடைய கல்லறை.

சேம்பர் கேள்விக்கு மட்டும் பழைய தகவலை நம்பவே கூடாது. கிளம்பும் முன் போன் போடுங்க. சேம்பர் இருக்கா என்பதோடு நிறுத்தாமல், இன்றைக்கு வேலை செய்யுதா, இயக்க ஆள் இருக்காங்களான்னும் கேளுங்க.

என்னை மாதிரி ஆட்களுக்கும் அங்கே ஒரு வழி இருக்கு. அதே ஏப்ரல் 9-ல் அதே படை மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாவுக்கு அருகே சுமார் 24 மீட்டரில் கிடக்கு. அதுக்கு அட்வான்ஸ்டு சான்றிதழ் வாங்கினால் போதும். நண்பனை அங்கேதான் அனுப்பப் போறேன்.