கைக்கடிகாரத்தின் விலை



கைக்கடிகாரத்தின் வரலாற்றைப் பேச முற்படும் நான், முதலில் என் கைக்கடிகாரம் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். கடிகாரம் செய்த பிழை சிறிது. அதை நம்பி நான் செய்த பிழை பெரிது.

1998-ஆம் ஆண்டில் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு இறைவணக்கம். பள்ளியின் மணி என் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அடிக்கப்படும். ஒரு நாள், மணி அடித்து மூன்று நிமிடம் கழிந்தபின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாயிலில் வந்து நின்றான். தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். "ஐயா, இன்னும் நேரம் ஆகவில்லை" என்று அவன் தன் மணிக்கட்டை நீட்டினான். அதிலிருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தில் 9.26 என்று எண்கள் தெரிந்தன.

"இதன் விலை என்ன?" என்றேன்.

"முப்பத்தைந்து ரூபாய், ஐயா. திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்தார்."

என் கையில் இருந்ததோ, திருமணத்தின்போது என் மாமனார் அணிவித்த சுவிட்சர்லாந்துக் கடிகாரம். அந்நாளில் என் நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடானது. "முப்பத்தைந்து ரூபாயை நம்பிப் பள்ளிக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இறைவணக்கம் முடியும்வரை அவனை வாயிலிலேயே நிறுத்தி வைத்தேன்.

அன்று மாலை வானொலியில் ஆறரை மணிச் செய்தி தொடங்கியபோது, என் கடிகாரம் 6.37 காட்டியது. நாள்தோறும் காலைச் செய்திக்கு நேரம் திருத்திக்கொள்வது என் வழக்கம். அந்த வாரம் வேறு அலைச்சலில் அதை மறந்திருந்தேன். நாளொன்றுக்கு ஒரு நிமிடமாக ஏழு நாளில் ஏழு நிமிடம் என் கடிகாரம் முந்தியிருந்தது. மாணவனின் கடிகாரமே சரி.

விலை உயர்ந்த கடிகாரம் தவறிழைக்க, விலை குறைந்தது சரியாக ஓடியது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் கடிகாரங்களின் வரலாற்றைப் படித்தேன்.

விலையை நம்பியதில் நான் தனியன் அல்லேன் என்பதை அந்த வரலாறு முதலில் காட்டிற்று. ஏனெனில் நெடுங்காலம் விலையும் துல்லியமும் கைகோத்தே நடந்தன. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறியச் சரியான நேரம் தெரிய வேண்டும். அதற்கு வழி காண்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு அளிப்பதாக பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714-இல் சட்டம் இயற்றியது. ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். 1761-இல் அவருடைய நான்காவது கடிகாரம் ஜமைக்காவை நோக்கிக் கப்பலேறியது. 81 நாளில் அது ஏறத்தாழ 5 விநாடியே பின்தங்கியது. அதைப் பார்த்து லார்க்கம் கெண்டால் என்பவர் செய்த மறுபடி ஒன்றுக்கு 450 பவுன் ஆயிற்று. அதையே காப்டன் குக் 1772-இல் தம் இரண்டாவது கடற்பயணத்துக்குக் கொண்டுசென்றார். அக்காலத்தில் சரியான நேரம் என்பது பெரும் பணம் கொடுத்துப் பெறத்தக்க பொருளாகவே இருந்தது.

கைக்கடிகாரமோ முதலில் நேரம் பார்க்கப் பிறந்ததன்று, அணிகலனாகப் பிறந்தது. ஆடவர் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்தனர். பெண்டிர் அதை வளையலில் பதித்து அணிந்தனர். 1868-இல் பட்டேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்குச் செய்தளித்த கைக்கடிகாரம் அவ்வகையினது. கடிகாரத்தை ஆடவர் கையில் பரவலாக ஏற்றியது 1914-இல் மூண்ட முதல் உலகப் போர். பதுங்குகுழியில் இருப்பவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையைத் துழாவ முடியாது. பீரங்கி எந்த நிமிடத்தில் முழங்கும், எந்த நிமிடத்தில் ஓயும் என்று பார்த்தே அவன் முன்னேற வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் தன் படையின் குண்டுக்கே இரையாவான். போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களின் மணிக்கட்டுகளில் கடிகாரம் நிலைத்துவிட்டது.

இத்தனை சிறிய பொறி சரியாக ஓடுமா என்னும் ஐயம் அக்காலத்தில் பலருக்கு இருந்தது. அதைப் போக்கியவர்களுள் ரோலெக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஒருவர். 1914-இல் அவருடைய கைக்கடிகாரம் ஒன்று இங்கிலாந்தின் கியூ ஆய்வுக்கூடத்தில் 'ஏ' வகுப்புச் சான்றிதழைப் பெற்றது. கப்பல் கடிகாரங்கள் பெற்றுவந்த அந்தச் சான்றிதழைக் கைக்கடிகாரம் ஒன்று பெற்றது அதுவே முதன்முறை.

செல்வர்களுக்கு இவ்வாறெனில் உழைப்பாளிகளுக்கு என்ன வழி? சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் ரோஸ்கோப் என்பவர், கூலித் தொழிலாளி ஒருவன் வாங்கத்தக்க நல்ல கடிகாரத்தை 20 பிராங்குக்குத் தருவது என்று உறுதிபூண்டார். உறுப்புகளைக் குறைத்தார், அழகு வேலைப்பாட்டை விட்டொழித்தார், ஓட்டத்தின் உறுதியை மட்டும் விடவில்லை. 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் அக்கடிகாரத்துக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அது சட்டைப்பைக் கடிகாரமே. ஆயினும் இன்றைய மலிவு விலைக் கைக்கடிகாரங்களுக்கெல்லாம் அதனை மூதாதை எனலாம்.

நம் நாட்டில் அந்தப் பணியைச் செய்தது எச்.எம்.டி. பெங்களூரில் அரசு நடத்திய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியைப் பிரதமர் நேரு வெளியிட்டார். 'ஜனதா' என்று ஒரு வகைக்குப் பெயரிட்டது பொருத்தமே. பள்ளி இறுதித் தேர்வில் தேறியவனுக்கும், முதற்சம்பளம் வாங்கியவனுக்கும், மணமகனுக்கும் அதுவே பரிசு. என் ஆசிரியப் பயிற்சி முடிந்தபோது என் தந்தையார் எனக்கு வாங்கித் தந்ததும் ஒரு ஜனதாதான். சாவி கொடுக்காமல் உறங்கலாகாது என்ற ஒழுங்கை எனக்குக் கற்பித்தது அது.

இக்கடிகாரங்களெல்லாம், விலை எதுவாயினும், ஒரே முறையில் இயங்குவன. சாவி கொடுக்கையில் இறுகும் சுருள்வில் மெல்ல அவிழ்கிறது. அதன் விசையால் சிறு சக்கரம் ஒன்று இப்பக்கமும் அப்பக்கமும் ஊசலாடுகிறது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் இது விநாடிக்கு ஐந்து முறை, அதாவது நாளொன்றுக்கு 4,32,000 முறை அசையும். வெப்பம், காந்தம், தூசி, வற்றிய எண்ணெய் ஆகிய ஒவ்வொன்றும் அந்த அசைவைக் கெடுக்கும். நாளுக்கு ஒரு நிமிடம் தவறும் கடிகாரம் 86,400 விநாடிகளில் 60-ஐத்தான் தவறவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மதிப்பெண் பெற்ற மாணவன் அது. ஆயினும் ஒரு வாரத்தில் ஏழு நிமிடம் பொய் சொல்லிவிடுகிறது. அந்தச் சிறு குறையைக் களையத்தான் கைத்திறனும் காசும் தேவைப்பட்டன. விலைக்கு அப்போது நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தை உடைத்தது ஒரு படிகக்கல். குவார்ட்ஸ் என்னும் அக்கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதை ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் கல் அதிரும் என்பது அதன் மறுபக்கம். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் அந்த அதிர்வைக் கொண்டு கடிகாரம் அமைத்தார். அதை மணிக்கட்டில் அடங்கும்படி சுருக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1969 டிசம்பர் 25-ஆம் நாள் டோக்கியோவில் செய்க்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அன்று ஜப்பானில் ஒரு சிறிய கார் வாங்கும் தொகை. பிழையோ மாதத்துக்கு 5 விநாடி மட்டுமே.

இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைத் தொடர்ந்து பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் வகுத்துப் பார்க்கலாம். அந்த வகுத்தலைத்தான் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மின்சுற்று ஓயாமல் செய்து, ஒவ்வொரு விநாடியையும் எண்ணித் தருகிறது. இதற்குக் கைத்திறன் மிக்க கம்மியர் வேண்டியதில்லை. இயந்திரம் இலட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளலாம். ஆகவே விலை சரிந்தது. எண்களால் நேரம் காட்டும் 'பல்சர்' கடிகாரம் 1972-இல் தங்கக் கூட்டில் 2,100 டாலருக்கு விற்றது. 1976-இலேயே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் எண்களால் நேரம் காட்டும் கடிகாரத்தை 20 டாலருக்குத் தந்தது. செல்வனின் வியப்பு நான்கே ஆண்டுகளில் ஏழையின் கைக்கு வந்துவிட்டது!

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1970-இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே எஞ்சினர். தந்தையிடம் மகன் கற்ற தொழில், ஊர் ஊராக அவிந்தது. பின்னர் அந்நாடு இரு வழிகளில் எழுந்தது. 1983-இல் 51 உறுப்புகளே கொண்ட, 50 பிராங்குக்கும் குறைந்த விலையுள்ள 'ஸ்வாட்ச்' என்னும் பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தது ஒரு வழி. மற்றொரு வழியைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் பக்கத்திலும் அந்த அலை வீசியது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை எழுப்பிக் குவார்ட்ஸையே நம்பி இறங்கியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸை அறியாததன்று. ஆயினும் சாவி கொடுக்கும் கடிகாரத்திலேயே அது பெரிதும் ஊன்றி நின்றது. 2016-இல் அதன் கடிகாரப் பிரிவான நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. அச்செய்தியைப் படித்த அன்று என் பழைய ஜனதாவை எடுத்துச் சாவி கொடுத்தேன். அது ஓடியது.

இனி அந்த மற்றொரு வழி. துல்லியம் எவர்க்கும் எளிதாகிவிட்டபின், விலையுயர்ந்த கடிகாரம் எதை விற்கும்? நேர்மையான விடை: நேரத்தை அன்று. சுவிட்சர்லாந்தில் தேர்ந்த சாவிக் கடிகாரத்துக்கு வழங்கும் 'குரோனோமீட்டர்' சான்றிதழ், நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்துவதையும் 6 விநாடி முந்துவதையும் பொறுத்துக்கொள்கிறது. 1989-இல் வெளிவந்த காசியோவின் எளிய எஃப்-91டபிள்யூ கடிகாரமோ, மாதம் முழுவதுக்குமாக 30 விநாடி என்னும் வரம்பில் ஓடுகிறது. துல்லியப் பந்தயத்தில் எளியது வென்றுவிட்டது. செல்வர் வாங்குவது கைவேலையை, அருமையை, பெயரை, சில வேளைகளில் நினைவை. 2019-இல் ஜெனீவாவில் அறப்பணிக்கு நிதி திரட்ட நடந்த ஏலத்தில் எஃகுக் கூட்டில் அமைந்த பட்டேக் பிலிப் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 இலட்சம் பிராங்குக்கு விலைபோயிற்று. அதில் ஒரு கலைஞனின் திறன் இருக்கிறது. அதை நான் இகழேன். வீணையை யாரும் நிறுத்துப் பார்த்து விலை கூறுவதில்லை அல்லவா?

ஆயினும் ஏலக் கதைகளுள் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பால் நியூமன் என்னும் அமெரிக்க நடிகர் கார்ப் பந்தயமும் ஓட்டியவர். அவருக்கு அவர் மனைவி, கவனமாக ஓட்டும்படி பின்புறத்தில் பொறித்து, ஒரு ரோலெக்ஸ் டேட்டோனா கடிகாரம் பரிசளித்திருந்தார். 1984-இல் தம் மகளின் நண்பனான இளைஞனிடம் அவர் மணி கேட்டார். தன்னிடம் கடிகாரம் இல்லை என்றான் அவன். அவர் தம் கையிலிருந்ததைக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டார். 2017-இல் அது நியூயார்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. நியூமன் அன்று கொடுத்தது கோடியை அன்று. மணி தெரியாத ஒருவனுக்கு மணி தெரியட்டும் என்று ஒரு கடிகாரத்தை.

இதைப் படித்தபோதெல்லாம் என் பள்ளி வாயில் நினைவுக்கு வரும். கையில் கடிகாரம் இல்லாதவனுக்கு ஒருவர் தம் கடிகாரத்தையே கொடுத்தார். கையில் சரியான கடிகாரம் இருந்தவனை நான் நம்ப மறுத்தேன். அவன் தந்தை தம் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்த பொருள், ஹாரிசனின் கனவையும் கியூரி சகோதரரின் கண்டுபிடிப்பையும் தன்னுள் தாங்கியிருந்தது. நான் பார்த்ததோ முப்பத்தைந்து ரூபாயை.

மறுநாள் அவனை என் அறைக்கு அழைத்து, "நேற்று உன் கடிகாரமே சரி" என்றேன். "பரவாயில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அத்தோடு கடன் தீர்ந்ததாக எண்ணினேன். தீரவில்லை என்பது ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு உறைத்தது. நூறு பேர் முன்னிலையில் அவமதித்துவிட்டு, நான்கு சுவருக்குள் வருத்தம் தெரிவித்தேன். கணக்கு நேராக வேண்டுமானால் எத்தனை பேர் கேட்கத் தண்டித்தேனோ அத்தனை பேராவது கேட்க உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மாணவன் இப்போது நாற்பது வயதை எட்டியிருப்பான். எந்த ஊரில் இருக்கிறானோ, இதைக் கேட்கிறானோ! அவன் கேளாவிட்டாலும், அன்று சிரித்தவர்களில் ஒருவராவது கேட்கக்கூடும். அவர்கள் அறியச் சொல்கிறேன்: அன்று அவன் தாமதமாக வரவில்லை. நான்தான் ஏழு நிமிடம் அவசரப்பட்டுவிட்டேன்.