தேய்ந்த உளி

“அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று மதுரை ஆரப்பாளையம் தெருக்களில் கூவிக்கொண்டு போனவர் என் அப்பா. தோளில் ஒரு சாக்குப்பை. அதற்குள் சுத்தியல் ஒன்று, உளி நாலைந்து. கருங்கல்லில் உளிமுனை சீக்கிரம் மழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்ப்பார். தோய்ச்சல் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். காய்ச்சக் காய்ச்ச உளி குட்டையாகும். ஒரு சாண் இருந்தது நாலு விரலுக்கு வந்தால் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும்.

பழங்காலக் கொத்தர்களின் உளிகள் நம்மிடம் அதிகம் மிஞ்சாததற்கு இதையே முதல் காரணம் என்பேன். மிச்சத்தைத் துரு தின்றிருக்கும். ஆனால் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய பாம்பேயில் ரோமானியரின் தூக்குக்குண்டுகள் அப்படியே கிடைத்தன. அந்த நாட்டுக் கொத்தனார்கள் தங்கள் கல்லறைக் கல்லிலேயே தூக்குக்குண்டையும் மூலைமட்டத்தையும் செதுக்கி வைத்தார்கள். நானும் கொத்தனார்தான். அப்படி ஒரு கல்லின் படத்தைப் பார்த்தபோது என் பையைத் திறந்து பார்த்த மாதிரியே இருந்தது.

நமக்கு மிஞ்சியது உளி பட்ட தழும்பு. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் சமணத் துறவிகளுக்காகக் கல்படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். தலைப்பக்கம் சற்று மேடாக, தலையணைபோல் விட்டிருக்கிறது. மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறை நெற்றியில் காடி எடுத்திருக்கிறது. படுக்கையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். உளியைச் சாய்த்துப் பிடித்து, கை மாறாமல் ஒரே போக்கில் கொத்திய வேலை. அவசரத்தில் செய்ததல்ல.

அங்கே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகளை 1882இல் ஆங்கிலேயர் ராபர்ட் சீவெல் கண்டார். அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. கணி நந்தன் என்ற துறவிக்காக, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ‘கொட்டுபித்த’ பள்ளி என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. கொட்டுபித்த என்றால் கொத்தச் செய்த என்று பொருள். அரசன் பெயர் இருக்கிறது, கொத்தச் சொன்னவர் பெயர் இருக்கிறது, படுத்தவர் பெயரும் இருக்கிறது. கொத்தியவர் பெயர் இல்லை. ஒத்தக்கடை யானைமலையில் கி.பி. 770இல் நரசிங்கப் பெருமாள் குடைவரையைத் தொடங்கிய மாறன் காரியின் பெயரும், அவர் இறந்தபின் முடித்துவைத்த தம்பி மாறன் எயினன் பெயரும் கல்லில் உண்டு. அங்கேயும் உளி பிடித்தவர் பெயர் இல்லை.

அப்பாவின் கடைசி உளியை நாங்களும் எடைக்குப் போட்டுவிட்டோம். இன்றும் அது மனசை அறுக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் உளியோ கரண்டியோ கிடந்தால் விற்றுவிடாதீர்கள். அதைப் பிடித்தவர் பெயரை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.