தாதியர் மீண்டும் மாணவியராயினர்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். வேலையை விடாமலே தாதியர் பட்டம் பெறுதற்கு வாயில் திறக்க மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத் துணையோடு, தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டநெறியைத் தொடங்கிற்று. பயிற்சி முடித்துப் பணியிலிருந்தோர்க்கே அஃது உரியது. இரவுக் கடமை முடித்து வந்தோர் பாடநூலை விரித்தனர். பாடங்களோ ஆங்கிலத்தில்! நோயாளரோடு சிங்களமும் தமிழும் பேசிப் பழகியவர்க்கு அஃது எளிதன்று.

ஊவாத் தோட்டத்து மகளிர் கதை வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் முன்னோரை நாடற்றோராக்கிற்று. அரசாங்கத் தாதியாவதற்கோ குடியுரிமை வேண்டும். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதும் எழுபதுகளிலேதான். ஆகவே பட்டமிருக்கட்டும், பயிற்சிக் கல்லூரியின் வாயிலே அவர்களுக்கு நெடுந்தொலைவாயிற்று. பிரசவத்துக்காகப் பதுளை வைத்தியசாலைக்கு இறங்கி வந்த தோட்டத்துத் தாய், தன் நோவைத் தன் மொழியிற் சொல்ல ஒரு தாதியைத் தேடினாள்.